வீட்டுச் சாமான் கரைச்சல் கொடுத்தால் முதலில் எங்கே பார்ப்பது?

திருகோணமலையில் எந்தச் சாமானைத் திருத்தக் கொண்டுபோனாலும் பெரும்பாலும் கிடைக்கும் பதில் "போர்ட் போய்விட்டது", அதாவது உள்ளே இருக்கும் சர்க்கிட் தகடு பழுது. போயிருக்கவும் கூடும். ஆனால் இந்த ஊரில் பழுதென்று தூக்கிக்கொண்டு போகும் சாமான்களில் நிறைய, சாமானுக்கு வெளியே இருக்கும் ஏதோவொன்றால் நின்றவை. வயர், பிளக், உப்பு, தண்ணீர் அழுத்தம், மாறிப்போன ஒரு செட்டிங். கடைக்குப் போகும் முன் இவற்றைப் பார்த்துவிட்டால் பாதிக் காசு மிச்சம்.

பட்டினம் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு பக்கம் டச் பே, மறுபக்கம் உள்துறைமுகம். எந்தக் காற்று வீசினாலும் உப்பு வரும். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே தண்ணீரை இழுத்துக் கரைந்துவிடும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் இருப்பதால் அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே பிசுபிசுக்கத் தொடங்கும். ஆகவே மழை இல்லாத நாளிலும் பிளக் முள்ளிலும் சர்க்கிட் தகட்டிலும் மெல்லிய உப்புத் தண்ணீர் படிந்துதான் இருக்கிறது. அது கரண்டைக் கடத்தும், செம்பை அரிக்கும். பாலையூற்றுப் பக்கம் இருப்பவரை விட கரையோரத்தில் இருப்பவருக்கு இந்தத் தொல்லை அதிகம்.

எதைச் சோதித்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சார்ஜர், வயர், பிளக் பொயின்ட் மூன்றையும் ஒன்றாக மாற்றினால் போன் சார்ஜ் ஏறும். ஆனால் எது பழுது என்று கடைசிவரை தெரியாது.

போன் சார்ஜ் ஏறவில்லை, அல்லது வயரைச் சரித்துப் பிடித்தால்தான் ஏறுகிறது

முதல் சந்தேகம் வயர் மேல். அடுத்தது போனின் துளை. சார்ஜர் கட்டை மூன்றாவதுதான். வீட்டில் இன்னொருவரின் வயரைப் போட்டுப் பார்த்தால் பாதி விடை வந்துவிடும்.

வயர் நல்லதென்றால் துளையைப் பாருங்கள். டைப்-சி வயர் உள்ளே போகும்போது 'டிக்' என்று உட்கார வேண்டும். போனுக்கும் வயர் முனைக்கும் இடையில் ஒரு மெல்லிய உலோகக் கோடு தெரிந்தால் அது முழுதாக உள்ளே போகவில்லை. சட்டைப்பைப் பஞ்சும் கடல் மணலும் அடியில் அழுந்திக் கட்டியாகியிருக்கும். போனை அணைத்துவிட்டு, மெல்லிய பல்லுக்குச்சியால் சுவரோரமாக மெதுவாகச் சுரண்டினால் சாம்பல் நிறத்தில் ஒரு பஞ்சுத் துண்டு வரும். நடுவில் நிற்கும் நாக்கைத் தொட வேண்டாம். தொடுமுனைகள் எல்லாம் அதன் மேல்தான் இருக்கின்றன. ஊசி, சட்டைப்பின் எதுவும் வேண்டாம். வாயால் ஊதுவதும் வேண்டாம், ஊதினால் எச்சில் ஈரம் உள்ளே போகும்.

"துளையில் ஈரம் உள்ளது" என்று போன் எச்சரித்தால் கதை வேறு. நிலாவெளியிலிருந்து புறாத் தீவுக்குப் படகில் போய்வந்த அன்று இரவு பல பேருக்கு இது வரும். போன் தண்ணீர் தாங்கும் ஐபி68 தரம் என்று விற்றவர் சொல்லியிருப்பார். அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் செய்யப்படுவது, கடல் நீரில் அல்ல. போன் உண்மையில் தண்ணீர் தாங்கும் வகையாக இருந்து, கடல் நீர்தான் பட்டதென்றால், நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். துளை கீழே பார்க்க உள்ளங்கையில் தட்டி, ஃபேன் காற்றில் வையுங்கள். அரிசி வாளிக்குள் புதைக்கும் பழக்கத்தை விட்டுவிடலாம். அரிசித் தூள் துளைக்குள் போவதுதான் அதில் மிச்சம். முடி உலர்த்தும் மெஷினின் சூட்டுக் காற்றும் கூடாது.

அந்த எச்சரிக்கையைத் தள்ளிவிட்டு சார்ஜ் போடும் வசதி பல போன்களில் உண்டு. அவசரத்தில் விரல் அங்கே போகும், போக விடாதீர்கள். உப்பு நீர் இருக்கும் இடத்தில் கரண்ட் ஓடினால் தொடுமுனையின் பூச்சைத் தின்றுவிடும். வயர் முனையில் ஒரு முள் மட்டும் கறுத்தோ பச்சையாகவோ இருந்தால் அப்படித் தின்ற அடையாளம்தான். அந்த வயரை வேறு போனுக்கும் போடாமல் எறிந்துவிடுங்கள். வயரில்லாமல் சார்ஜ் ஏறும் போன் என்றால் காயும்வரை அப்படி ஏற்றலாம்.

நனையவேயில்லை, ஆனாலும் ஈரம் என்கிறதா? வயர் போடாமலே எச்சரிக்கை வந்தால் துளைக்குள் உப்பு. குறிப்பிட்ட ஒரு வயரைப் போட்டால் மட்டும் வந்தால் வயர். துளைக்குள் உப்பு என்றால் போன் திருத்தும் கடையில் ஐசோபுரோப்பைல் மதுசாரம் போட்டுத் துடைக்கச் சொல்லுங்கள். துளையை மாற்றுவதை அதற்குப் பிறகு பேசலாம்.

சார்ஜ் போட்டிருக்கும்போது திரை தானாகத் தட்டுப்படுகிறது. லப்டொப்பைத் தொட்டால் சுரீரென்கிறது

சார்ஜரைக் கழற்றியதும் திரை சரியாகிவிட்டால் திரையில் பழுதில்லை, சார்ஜர்தான் மலிவு. உள்ளே இருக்கும் வடிகட்டி சரியில்லாத சார்ஜர் திரையின் தொடு உணர்வைக் குழப்பும். திரையை மாற்றுவதற்கு முன் வேறு சார்ஜரில் பார்த்துக்கொள்ளுங்கள்.

லப்டொப் சுரீரென்பது பெரும்பாலும் இரண்டு முள் பிளக்கில் நடக்கும். சார்ஜரின் வடிகட்டியிலிருந்து கசியும் சிறு கரண்ட் போக எர்த் இல்லாமல் உலோக உடம்பில் நிற்கிறது. மூன்று முள் பிளக் போட்டும் சுரீரென்றால் அந்தப் பொயின்டில் எர்த் வரவில்லை. அதை வயரிங் பாஸிடம் காட்டியே ஆக வேண்டும்.

இந்த இடத்தில் நம் வீடுகளின் ஒரு வித்தையைச் சொல்ல வேண்டும். சதுர முள் 13 ஆம்பியர் பொயின்டில் இரண்டு வட்ட முள் பிளக் போகாது. மேல் துளைக்குள் பேனை முனையைக் குத்தி, கீழ்த் துளைகளை மூடியிருக்கும் திரை திறந்ததும் பிளக்கை அழுத்துவோம். சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும், அதுதான் பயம். எர்த் முள் உள்ளே போனால் மட்டும் மற்ற இரண்டு துளைகளும் திறக்கும்படி செய்திருப்பதே விரலும் கம்பியும் போகாமல் இருக்கத்தான். அப்படிப் போட்ட வட்ட முள் உள்ளே இறுக்கமாகவும் இராது. தொடும் பரப்பு குறைந்து சூடேறும், பொயின்டின் முகம் மஞ்சளாகிக் கருகும். கேத்தல், அயன் போன்ற சூடேறும் சாமான்களில் இது தீயில் போய் முடியலாம். நல்ல அடாப்டர் ஒன்று வாங்குங்கள், அல்லது பிளக்கையே மாற்றிவிடுங்கள். மாற்றும்போது உள்ளே இருக்கும் பியூஸையும் பாருங்கள். ஏறத்தாழ 700 வாட் வரையான சாமானுக்கு 3 ஆம்பியர், அதற்கு மேல் 13. மேசை விளக்குக்கு 13 ஆம்பியர் பியூஸ் போட்டால் வயர் எரிந்த பிறகும் பியூஸ் இருக்கும்.

ட்ரிப் சுவிட்ச் விழுந்துகொண்டே இருக்கிறது

வாடைக்காற்று தொடங்கி முதல் பெரிய மழை வந்த இரவில் ஊர் முழுக்க இதே கதைதான். ட்ரிப் சுவிட்ச் பழுதாகிவிட்டது என்று நினைப்பவர்கள் அதிகம். அது தன் வேலையைச் செய்கிறது. போகும் கரண்டும் திரும்பி வரும் கரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அதன் வேலை. வித்தியாசம் 30 மில்லிஆம்பியரை எட்டுவதற்குள் வெட்டிவிடும். அந்த வித்தியாசம் எங்கேயோ ஈரச் சுவர் வழியாகவோ ஒரு மனிதர் வழியாகவோ நிலத்துக்குப் போகிறது.

தேடும் முறை இது. மெயின் பெட்டியில் உள்ள சின்னச் சுவிட்சுகள் எல்லாவற்றையும் கீழே தள்ளுங்கள். ட்ரிப்பை மேலே போடுங்கள். நின்றால், சின்னச் சுவிட்சுகளை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த வரிசையில் கோளாறு. அந்த வரிசையில் உள்ள பிளக் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மறுபடி ஏற்றுங்கள். நின்றால் ஒரு சாமான், நிற்காவிட்டால் சுவருக்குள் வயர். சாமான் என்றால் ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகி எது என்று பிடித்துவிடலாம்.

கவனிக்க வேண்டியது, பிளக்கைக் கழற்றுவது வேறு, சுவிட்சை அணைப்பது வேறு. சின்னச் சுவிட்ச் பொதுவாக லைவ் வயரை மட்டும் வெட்டும், நியூட்ரலை வெட்டாது. நியூட்ரலும் எர்த்தும் எங்கோ தொட்டுக்கொண்டிருந்தால், அந்த வரிசை அணைந்திருந்தாலும் வீட்டில் வேறு ஏதாவது ஓடும்போது ட்ரிப் விழும். "எல்லாம் அணைத்துத்தான் இருக்கிறது, ஆனாலும் விழுகிறது" என்பவர்களின் புதிர் பெரும்பாலும் இதுதான். சாமான்களைக் கழற்றிய பிறகே முடிவுக்கு வாருங்கள்.

சந்தேகப் பட்டியலில் முதலில் வருபவை வெளியே நிற்பவை. கேற் விளக்கு, பெல் சுவிட்ச், கிணற்று மோட்டர், விறாந்தை ஓரத்துப் பொயின்ட். அடுத்து தண்ணீரோடு சேர்ந்து சூடாகுபவை. கேத்தல், குளியலறை ஹீட்டர், அயன். இவற்றின் சூட்டுக் கம்பியின் உறையில் வெடிப்பு விழுந்தால் குளிராக இருக்கும்போது ஒன்றும் தெரியாது, சூடானதும் விழும். பிரிட்ஜும் அப்படிச் செய்யும். பனி கரைக்கும் ஹீட்டர் ஓடும் நேரத்தில் மட்டும் விழுவதால், ஒரு நாளைக்கு ஓரிரு தடவை காரணமே இல்லாமல் விழுவதுபோல் இருக்கும்.

இடி மின்னலோடு ஒரே ஒரு தடவை விழுந்து, போட்டதும் நின்றுவிட்டால் விட்டுவிடுங்கள். எல்லாம் கழற்றியும் நிற்காவிட்டால் பாஸைக் கூப்பிடுங்கள். ட்ரிப்பை நூலால் கட்டி வைப்பதும், அதைத் தாண்டி நேரே வயர் கொடுக்கச் சொல்வதும் வேண்டாம். அப்படிச் செய்து தருபவரை மறுபடி வளவுக்குள் விடவும் வேண்டாம். அதிலுள்ள சோதனைப் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் விழாத ட்ரிப் சுவிட்ச் வெறும் அலங்காரம்.

பிரிட்ஜ் உறுமிவிட்டு 'டிக்' என்று நிற்கிறது

கொம்பிரசர் தொடங்கப் பார்க்கிறது, முடியவில்லை, பாதுகாப்பு வெட்டுகிறது. சில நிமிடம் கழித்து மறுபடி. நேரத்தைக் கவனியுங்கள். மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையான உச்ச நேரத்தில் மட்டும் இப்படிச் செய்து, நடுப்பகலில் ஒழுங்காக ஓடினால் கோளாறு வோல்டேஜில். 230 இருக்க வேண்டியது அந்த நேரத்தில் வீதிக் கடைசியில் இருக்கும் வீடுகளுக்கு நன்றாக இறங்கிவிடும். ஃபேனும் அப்போது சோர்ந்து சுற்றும். பக்கத்து வீட்டிலும் இதே நிலை என்றால் சேர்ந்து மின் விநியோக அலுவலகத்துக்கு முறையிடுங்கள். பல வீடுகளின் முறைப்பாடு என்றால் ட்ரான்ஸ்ஃபோமரைப் பார்ப்பார்கள்.

எந்த நேரமும் இப்படியென்றால் கொம்பிரசரைத் தொடங்கி வைக்கும் சின்னப் பாகமான ஸ்டார்ட்டர் ரிலே. அது கொம்பிரசரை விட மிக மலிவு. அதை மாற்றிப் பார்க்காமல் கொம்பிரசர் போய்விட்டது என்பவரிடம் இன்னொரு தடவை யோசிக்கச் சொல்லுங்கள். கரண்ட் போய் வந்தால் 5 நிமிடமாவது விட்டே ஓட விடுங்கள். பிரிட்ஜ் கார்ட் என்று விற்கும் பெட்டி செய்வதும் இதைத்தான்.

ஓடுகிறது, குளிரவில்லை என்றால் கதவு ரப்பரைப் பாருங்கள். ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்தால் தடை இருக்க வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கேதான் குளிர் போகிறது.

ஏசி வருடா வருடம் கேஸ் கேட்கிறது

கேஸ் தேய்ந்துபோகும் பொருள் அல்ல. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைந்தால் எங்கோ கசிகிறது. வெளியே மாட்டும் பெட்டியில் செம்புக் குழாயும் அலுமினியத் தகடும் ஒட்டி நிற்கின்றன. இரண்டு உலோகத்துக்கும் நடுவே உப்பு நீர் வந்தால் அலுமினியம் வெள்ளைத் தூளாகிக் கொட்டத் தொடங்கும். உப்புவெளிக் கரையில் இருக்கும் வீடுகளில் அந்தப் பெட்டியின் பின்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள், தகடு பொரிந்து உதிரும். அதனால் கசிவை எங்கே என்று காட்டாமல் கேஸ் மட்டும் நிரப்புபவருக்குக் காசு கொடுப்பது வீண். சவர்க்கார நுரை போட்டு மூட்டுகளைச் சோதிப்பது பெரிய வேலையில்லை.

நீங்கள் செய்யக்கூடியது, ஏசிக்குக் கரண்டை முழுதாக நிறுத்திவிட்டு, தோட்டக் குழாயில் மெல்லிய நல்ல தண்ணீரால் அந்தத் தகடுகளை அடிக்கடி கழுவுவது. வேகமாகப் பீச்சினால் தகடு மடங்கும். புதிதாக வாங்குகிறவர்கள் தகட்டில் அரிப்புத் தடுப்புப் பூச்சு உண்டா என்று கேளுங்கள். கடல் பார்க்கும் சுவரில் மாட்டாதீர்கள்.

உள்ளே தண்ணீர் சொட்டினால் வடிகுழாய் அடைப்பு. குழாயில் பனி பிடித்தால் முதலில் தூசி வடிகட்டியைக் கழுவிப் பாருங்கள்.

வாஷிங் மெஷின் 'தண்ணீர் இல்லை' என்று நிற்கிறது, குழாயிலோ தண்ணீர் வருகிறது

அழுத்தம். பல மெஷின்களின் கையேட்டில் ஆகக் குறைந்த அழுத்தம் 0.03 அல்லது 0.05 மெகாபாஸ்கல் என்று இருக்கும். தண்ணீர்த் தாங்கி ஒவ்வொரு மீற்றர் உயரத்துக்கும் ஏறத்தாழ 0.01 தரும். ஆகவே தாங்கியின் தண்ணீர் மட்டம் மெஷினின் குழாயை விட 3 முதல் 5 மீற்றர் உயரத்தில் இருக்க வேண்டும். ஒற்றை மாடி வீட்டில், கூரைக்குப் பக்கத்தில் சின்னக் கட்டின் மேல் வைத்த தாங்கிக்கு அது கிடைக்காது. மெஷினைத் திருத்தி இதைச் சரிசெய்ய முடியாது. தாங்கியை உயர்த்த வேண்டும், அல்லது சின்ன பம்ப் ஒன்று.

முன்பு ஒழுங்காக ஓடிய மெஷின் என்றால் குழாய் மெஷினுக்குள் போகும் இடத்தில் உள்ள சின்ன வலையைக் கழற்றிப் பாருங்கள். கிணற்று மணல் அடைத்திருக்கும். பழைய பல் துலக்கும் பிரஷ் போதும்.

ஃபேன், ரிமோட், லைட்

ஃபேன் முனகுகிறது, சுற்றவில்லை. தும்புத்தடிப் பிடியால் மெதுவாகத் தள்ளினால் சுற்றத் தொடங்குகிறதென்றால் கெப்பாசிட்டர் மாற்றினால் சரி. அதன் மேல் எழுதியுள்ள எண்ணையே பார்த்து வாங்குங்கள். பெரியது போட்டால் வேகம் கூடும் என்று மாற்றி, மோட்டரைச் சூடாக்கியவர்கள் இருக்கிறார்கள்.

ரிமோட்டை போனின் முன்கமராவுக்கு நேரே பிடித்துப் பொத்தானை அழுத்துங்கள். திரையில் ஒரு ஒளிப்பொட்டு மின்னினால் ரிமோட் நலம், ரிவியைப் பாருங்கள். மின்னாவிட்டால் பற்றரி, அதன் பிறகு பற்றரி தொடும் சுருள். பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் பஞ்சுக் குச்சியில் ஒரு துளி தேசிக்காய்ச் சாறு விட்டுத் துடைத்து, நல்ல தண்ணீரால் மறுபடி துடைத்து, காயவிடுங்கள்.

அணைத்த பிறகும் எல்இடி பல்ப் மங்கலாக ஒளிர்கிறதா? சுவிட்சில் சின்னச் சிவப்பு விளக்கு இருந்தால் அதன் வழியாகக் கசிவது. அது இல்லையென்றால் சுவிட்ச், லைவுக்குப் பதில் நியூட்ரலில் பூட்டப்பட்டிருக்கலாம். பல்ப் மாற்றும்போது கரண்ட் அடிக்கும், பாஸிடம் சொல்லி மாற்றுங்கள்.

வைஃபை இருக்கிறது, இன்டர்நெட் இல்லை

ஃபைபர் இணைப்பு என்றால் பெட்டியில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் ஒளியே வந்து சேரவில்லை. ரவுட்டரை அணைத்துப் போடுவதும் பாஸ்வேர்ட் மாற்றுவதும் பயனில்லை. சுவரிலிருந்து வரும் மெல்லிய வயர் அலுமாரிக்குப் பின்னால் மடிந்து நசிந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு கம்பனிக்கு அழையுங்கள்.

சிம் போட்ட ரவுட்டர் என்றால் முதலில் டேட்டா மிச்சத்தைப் பாருங்கள். பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று பிரித்த பொதிகளில் பகல் பங்கு முடிந்ததும் வேகம் படுத்துவிடும், செயலியின் மொத்தக் கணக்கில் இன்னும் நிறைய இருப்பதாகத் தெரியும். மிச்சம் இருந்தும் மாலையில் மட்டும் மந்தம் என்றால் கோபுரத்தில் நெரிசல். மே முதல் செப்டெம்பர் வரை சுற்றுலாக்காரர் நிறைந்த உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் இது வழமை.

வீட்டுக்குள் ஓர் அறையில் மட்டும் வராவிட்டால் சுவர்தான் காரணம். ரவுட்டர் தரும் இரண்டு வைஃபை அலைகளில் 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, கல்சுவரை எளிதில் தாண்டாது. அந்த அறையில் 2.4க்கு மாறுங்கள்.

பிரதேச செயலகத்திலிருந்து வந்த படிவம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிகிறது

கோப்பு பழுதில்லை, வைரஸும் இல்லை. பாமினி எழுத்துருவில் அடித்தது. பாமினியில் கணினி சேமிப்பது ஆங்கில எழுத்துகளைத்தான். எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டும். உங்கள் போனில் அந்த எழுத்துரு இல்லாததால் உள்ளே இருப்பது அப்படியே தெரிகிறது. கணினியில் பாமினியை நிறுவினால் சரியாகும், அல்லது பாமினியை யுனிகோடாக மாற்றும் இணையப் பக்கங்களில் ஒட்டி எடுக்கலாம். இரண்டும் வேண்டாமென்றால் அனுப்பியவரிடம் பிடிஎஃப் ஆக்கி அனுப்பச் சொல்லுங்கள். யுனிகோடின் முதல் பதிப்பிலேயே, 1991இல், தமிழ் வந்துவிட்டது. இன்னும் பாமினியில் அடித்துக்கொண்டிருக்கும் அலுவலகங்களை என்ன சொல்வது.

எல்லா இணையப் பக்கமும் 'பாதுகாப்பற்றது' என்கிறது

போனின் திகதியைப் பாருங்கள். பற்றரி முழுக்க இறந்து எழுந்தபோது பழைய வருடத்துக்குப் போயிருக்கும். திகதி, நேரத்தைத் தானாக எடுக்கும்படி வைத்தால் முடிந்தது.

கடைக்காரர் வாரண்டி இல்லை என்கிறார்

வாங்கும்போதே பில்லில் சாமானின் தொடர் இலக்கம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பில்லைப் படமெடுத்து வையுங்கள், வெப்பத்தாளில் அச்சடித்த பில் நம் ஊர்ச் சூட்டில் வெளுத்துவிடும். பேசிப் பார்த்தும் நடக்காவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977க்கு அழையுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குவது அது. போன் என்றால் காசு கொடுக்கும் முன்பே *#06# அடித்து வரும் 15 இலக்கத்தை, ஐஎம்இஐ என்று ஆங்கிலத்தில் எழுதி இடைவெளி விட்டு, 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்பிச் சரிபாருங்கள். பதிவில்லாத போனைக் கையில் வைத்துக்கொண்டு வாரண்டி பேசுவது கடினம்.

போனின் பின்மூடி எழும்பி நிற்கிறது

இதில் சோதனை எதுவும் கிடையாது. பற்றரி உப்பியிருக்கிறது. சார்ஜிலிருந்து உடனே கழற்றி, அணைத்து, மெத்தை, திரைச்சீலை பக்கம் இல்லாமல் சீமெந்துத் தரையில் வையுங்கள். மூடியை அமத்தி ஒட்டப் பார்க்க வேண்டாம், குத்தவும் வேண்டாம். பற்றரியைத் திருத்துபவரிடம் கழற்றக் கொடுத்து, பழையதை அவரிடமே விட்டுவிடுங்கள். வளவில் குப்பை எரிக்கும் குவியலில் போட்டுவிடாதீர்கள், வெடிக்கும்.